சும்மா பார்த்த கடல்

வேனின் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, எரிகிற கற்பூரத்தோடு அம்மா திகைத்து நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அம்மாவுக்கு என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கதிர்காமம் போகிற வேன் என்றால் முருகனைக் கூப்பிடலாம். முன்னேஸ்வரம் போகிற வேன் என்றால் சிவனைக் கூப்பிடலாம். அன்றைக்கு நாங்கள் போவது எந்தக் கோயிலுக்கும் இல்லை. கல்யாண வீடு இல்லை, சாவு வீடும் இல்லை. கற்பூரம் கையைச் சுடும் நேரம் வந்ததும் அம்மா தன் தங்கையைத் திரும்பிப் பார்த்து, "என்னான்னுடி கும்புடுறது?" என்று கேட்டார். "போயிட்டு வர்றோம்னு கும்புடுக்கா, போதும்," என்றார் சின்னம்மா. அம்மாவுக்கு அது போதவில்லை. ஆனாலும் பழத்தின் மேல் வேன் ஏறி இறங்கியது, நாங்கள் கிளம்பிவிட்டோம்.

எங்கள் தோட்டம் தெரணியகலைக்கு மேலே, பாதி தேயிலை, பாதி ரப்பர் என்று கிடந்த ஒரு மலைச்சரிவில் இருந்தது. அங்கே யாரும் காரணமில்லாமல் பயணம் போனதில்லை. திருவிழாவுக்குப் போவோம், நேர்த்திக்கடனுக்குப் போவோம், பெண் பார்க்கப் போவோம், இழவு கேட்கப் போவோம், முடியாமல் படுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போவோம். சிவனொளிபாதமலைக்கு ஏறுவோம்; அதுகூடச் சாமிக்காகத்தான், உச்சியில் சூரியன் எழுவதைப் பார்ப்பது வழியில் கிடைக்கிற லாபம். ஊர் சுற்றிப் பார்ப்பது என்பது துரைமாரும் அவர்கள் வீட்டு விருந்தாளிகளும் செய்கிற காரியம். எங்களில் ஒருவர் காரணம் சொல்லாமல் கிளம்பிப் போனால் வீட்டில் சண்டை என்று அர்த்தம், இல்லாவிட்டால் தவறணைக்குக் குடிக்கப் போகிறார் என்று அர்த்தம். கோயிலுக்குப் போகிற வழியில் கடல் தெரிந்தால் பார்த்துக்கொள்வோம். கடலைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தி வேன் பேசியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், சின்னம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், பேசிக்கொண்டார்கள்.

சின்னம்மா என் அம்மாவுக்கு ஒரே தங்கை. சித்தப்பாவோடும் மகளோடும் எங்கள் லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பராவில், இருந்தார். ரப்பர் மலையில் பால் வெட்டுகிற வேலை. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் விடியும்போதே கத்தியோடு மரத்தடியில் நிற்க வேண்டும். எங்கள் பெண்களோடு பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்களும் அங்கே வெட்டினார்கள். சின்னம்மா சிங்களம் படித்தது அந்த மரங்களுக்கு இடையில்தான். அந்தச் சிங்களத்தில் அவருக்குச் சண்டை போடவும் தெரியும், கெஞ்சவும் தெரியும், கங்காணியின் நடையைக் கேலி செய்து மலையையே சிரிக்க வைக்கவும் தெரியும். பால் வாளியோடு இறங்கி வரும்போது அவருடைய சிரிப்புச் சத்தம் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். கையில் எப்போதும் ரப்பர் பாலின் புளித்த வாடை இருக்கும். எங்களைத் தொட்டுக் கொஞ்சினால் "ஐயே" என்று ஓடுவோம். வேண்டுமென்றே துரத்திக்கொண்டு வந்து கன்னத்தில் தடவுவார்.

தோட்டத்தில் வேலை நாள் குறைந்துகொண்டே வந்த காலம் அது. லயத்துக்கு ஒருத்தி என்ற கணக்கில் பெண்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சின்னம்மாவும் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. போனால் இரண்டு வருஷத்துக்குத் திரும்ப முடியாது. மகளுக்கு அப்போது நாலு வயது நிரம்பவில்லை. நாங்கள் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம்.

சின்னம்மாவின் பயமெல்லாம் அந்தச் சின்னவளைப் பற்றித்தான். வெளிநாட்டைப் பற்றிப் பயமில்லை, தெரியாத வீட்டைப் பற்றிப் பயமில்லை. மேல் லயத்தில் ஒரு பெண் அதற்கு முந்தின வருஷம் லெபனானிலிருந்து திரும்பி வந்திருந்தாள். பெட்டியைத் திறந்து பொம்மையை எடுத்து நீட்டியபோது அவள் மகன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்தப் பொம்பள யாரு?" என்று பாட்டனிடம் கேட்டிருக்கிறான். வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் சின்னம்மாவும் இருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதை நான் பாயில் படுத்தபடி கேட்டேன். "மூணு வயசுல நடந்தது எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. ஒனக்கு இருக்கா? ஆனா பெருசா ஏதாச்சும் நடந்திருந்தா இருக்கும்ல? அதுக்குப் பெருசா ஒண்ணக் காட்டிட்டுப் போயிறணும். நானும் அதுல இருக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, "கடல விடப் பெருசு என்னா இருக்கு?" என்றார்.

அப்பாவுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. அப்பா ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை செய்தார். அந்தப் புகையில் வெந்ததாலோ என்னவோ எதற்கும் சீக்கிரம் இளகாத மனிதர். "தண்ணியப் பாக்க வேன் புடிச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரமா? நம்ம கூரையிலயே ஒழுகுதே, அதப் பாத்தா பத்தாதா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் வானம் வருஷத்தில் பாதி நாள் எங்கள் தலையில்தான் கொட்டும். திரும்பின பக்கமெல்லாம் ஓடை, அருவி, ஆறு. ஆனால் அப்பாவின் உண்மையான தயக்கம் அது இல்லை. நாட்டில் யுத்தம் உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. தமிழ் ஆட்கள் கொழும்புப் பக்கம் போவதென்றால் அடையாள அட்டையோடு ஒரு காரணமும் கையில் இருக்க வேண்டும். சித்தப்பாவோ அப்பாவை விடப் பயந்தவர். மனைவியை மறுத்துப் பேசவும் பயம், கிளம்பவும் பயம் என்று நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

சின்னம்மா யாரிடமும் வாதாடவில்லை. டவுனில் வாடகைக்கு ஓடுகிற ஒரு டொல்பின் வேனைப் பேசி, ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் பால் வெட்டு நிற்கிற நாட்களில் ஒரு நாளைக் குறித்துவிட்டு வந்தார். வேன்காரர் சிங்களவர், எங்கள் தோட்டத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் ஓடிப் பழகியவர். நான் மிருகக்காட்சிசாலையும் வேண்டும் என்று அழுததால் அதுவும் சேர்ந்தது. காலையில் தெஹிவளையில் மிருகங்கள், பிறகு கல்கிசையில் கடல், மாலையில் திரும்பவும் போய் யானை ஆடுவதைப் பார்ப்பது என்று திட்டம் வளர்ந்தது. பயணம் உறுதியானதும் அதுவரை எதிர்த்த அப்பாவே முன்னால் நின்றார். தோட்டத்து லொறியின் பழைய ட்யூப் ஒன்றையும் காற்றடிக்கிற பம்பையும் எங்கிருந்தோ கொண்டுவந்து, கடலில் மிதக்க இதுபோல் வேறொன்றும் கிடையாது என்றார். அவருக்கு நீந்தத் தெரியாது. இரவல் கேமராவை மட்டும் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வழியில் கேமராவைக் கண்டால் சந்தேகப்படுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அதனால் அந்த நாளின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

விடியுமுன்னே ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் இடித்து, கோழிக் குழம்பை மூடி இறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டோம். வேன் மலையிலிருந்து இறங்கும்போது பாதி மரங்கள் மொட்டையாகவும் பாதி மரங்கள் சிவந்த கொழுந்து விட்டும் நின்றன. அவிசாவளை தாண்டியதும் அம்மாவுக்கு வாந்தி வந்தது. ஹங்வெல்லைக்குப் பக்கத்தில் ஆற்றோரம் நிறுத்தி ரொட்டி சாப்பிட்டோம். சின்னம்மா பாதி ரொட்டிகூடச் சாப்பிடவில்லை. மகளை ஜன்னல் பக்கம் மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் காட்டிக்கொண்டே வந்தார். "பாரு, பாலம். பாரு, அன்னாசித் தோட்டம். பாரு, பெரிய பஸ்ஸு." சின்னவள் பாதி நேரம் தூங்கினாள். தூங்கியவளை எழுப்பி எழுப்பிக் காட்டினார். "புள்ளயத் தூங்க விடேன்டி," என்று அம்மா சொன்னபோது, "வீட்டுல தூங்கட்டும்," என்றார்.

கொழும்புக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது ராணுவத்தினர் வேனை மறித்தார்கள். மணல் மூட்டைகள், பீப்பாய்கள், துப்பாக்கியோடு சின்ன வயசுப் பையன்கள், அவர்களுக்குப் பெரியவராக அப்பாவின் வயதில் மீசை வைத்த ஒருவர். எல்லோரையும் இறக்கி ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமுமாக நிறுத்தினார்கள். மீசைக்காரர் அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டே, எங்கே போகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்.

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத ஒரு தவறு அப்போதுதான் வெளிப்பட்டது. சும்மா போகிறோம் என்று சொல்ல முடியாது என்பது எங்கள் ரத்தத்திலேயே ஊறிக் கிடந்தது. அதனால் கேட்டால் சொல்வதற்கு ஆளுக்கொரு நல்ல காரணத்தை மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தார்கள். ஒருவரும் மற்றவரிடம் அதைச் சொல்லவில்லை. சித்தப்பா, சொந்தக்காரர் ஒருவர் பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், பார்க்கப் போகிறோம் என்றார். அப்பா, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி என்றார். இந்தப் பக்கம் அம்மா, நல்ல சேலை கட்டியிருந்ததாலோ என்னவோ, "மகுல் கெதர, மாத்தயா," கல்யாண வீட்டுக்கு என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மூன்று பேரும் நல்ல சிங்களத்தில் தடுமாறாமல் சொன்னார்கள். ஒரு ஊர் ஆட்கள், ஒரே வேன், மூன்று பயணம்.

மீசைக்காரர் வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கோழிக் குழம்பு இருந்தது, துவாய்கள் இருந்தன, அப்பாவின் ட்யூபும் பம்பும் இருந்தன. ட்யூபை வெளியே இழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரியில் இருக்கிற நோயாளிக்கா இது என்று கேட்டார். பையன்களில் ஒருவன் அதைப் பூட்ஸ் காலால் மிதித்துப் பார்த்தான். எங்கள் வேன்காரர் முன்னால் வந்து, இவர்களை எனக்குத் தெரியும், நம்ம ஊர் ஆட்கள் என்று சொன்னார். அவரையும் பேசாமல் நிற்கச் சொல்லிவிட்டு வேனை ஓரமாக நிறுத்த வைத்தார்கள். மேலதிகாரி வரும் வரை யாரும் போக முடியாது என்றார்கள்.

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பயப்பட வேண்டிய விஷயம் எது என்று தெரிகிற வயதுதான். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றி லயத்தில் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். அந்தப் பேச்சு முழுவதும் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தன் நெற்றிப் பொட்டைச் சேலைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்துவிட்டு என்னையும் துடைக்கச் சொன்னார். சின்னவள் தண்ணீர் கேட்டு அழுதாள். சின்னம்மா அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே மீசைக்காரரை நோக்கி நடந்தார். "ஏய், போகாதடி, இங்க வாடி," என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்டது. "மூத பலன்ன, மாத்தயா," என்றார் சின்னம்மா. கடல் பார்க்கப் போகிறோம். கடலில் என்ன என்று கேட்டார் மீசைக்காரர். ஒன்றுமில்லை, "நிக்கங்" என்றார் சின்னம்மா. எங்கள் சும்மாவுக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். பிறகு மலையில் கத்தியைத் தீட்டிக்கொண்டே பேசுகிறவர் போல, பதற்றமில்லாமல் சொன்னார். அடுத்த மாதம் குவைத்துக்குப் போகிறேன், இவள் என் மகள், திரும்பி வரும்போது இவளுக்கு என் முகம் மறந்திருக்கும், அதற்கு முன்னால் ஒரு நாள் இவளோடு எங்கேயாவது போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். அப்படியென்றால் மற்றவர்கள் ஏன் பொய் சொன்னார்கள் என்று அவர் கேட்டார். சும்மா போகிறோம் என்று நாங்கள் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா என்று சின்னம்மா திருப்பிக் கேட்டார். அவர் ஒரு பையனைக் கூப்பிட்டுச் சின்னவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். உடனே விட்டுவிடவும் இல்லை. மேலதிகாரி வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டு, வேன்காரரின் அட்டையை இரண்டு தடவை புரட்டிப் பார்த்து, எங்களைப் போகச் சொன்னபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. ட்யூப் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். வேன் நகரும்போது மீசைக்காரர் ஜன்னல் பக்கம் வந்து அப்பாவிடம், சும்மா போவதென்றால் சும்மா போகிறோம் என்று சொல்ல வேண்டும் என்றார். அது என்னவோ உலகத்தில் மிகச் சுலபமான காரியம் என்பதுபோல.

வேன் கொஞ்ச தூரம் போனது. பிறகு அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி, "பொண்ணு யாரு, மாப்புள யாருன்னு கேட்டிருந்தா என்னாடி சொல்லியிருப்ப?" என்றார். "சின்னவரு ஆஸ்பத்திரியில ஒரு ஆளப் படுக்கப் போட்டாரே, அவர எழுப்பி மாப்புளயாக்கியிருப்பேன்," என்றார் அம்மா. அதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் சித்தப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை என்று இப்போது தெரிகிறது. சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. மிருகக்காட்சிசாலை, கடல் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று வேன்காரர் சொல்லியிருந்தார். சின்னம்மா என் தலையைத் தடவி, "ஒனக்கு ஆன ஆடுறது போச்சேடி. கோவிச்சுக்காத," என்றார். எனக்குக் கோபம்தான். ஆனால் அன்றைக்கு எதையும் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

கல்கிசையில் ரயில் பாதையைத் தாண்டித்தான் கடலுக்கு இறங்க வேண்டும். தண்டவாளத்தில் கால் வைத்தபோதே உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அதுவரை கேலி பேசிக்கொண்டு வந்த அப்பா, கடல் முழுதாகத் தெரிந்ததும் நின்றுவிட்டார். கூரை ஒழுகுவதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசியதே இல்லை. எங்களைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் இருந்தன. பட்டம் விடுகிற பிள்ளைகள், மிளகாய்த் தூள் தடவிய அன்னாசித் துண்டு தின்கிற பெண்கள், இறால் வடை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கிற கிழவர்கள். ஒரு வேலையும் இல்லாமல் இத்தனை பேர் ஒரே இடத்தில் சந்தோஷமாக இருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் மட்டும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்வார்கள் என்பதுபோல வரிசையாக நின்றோம்.

சின்னம்மாதான் முதலில் இறங்கினார். சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு, கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த மகளோடு நேராகத் தண்ணீருக்குள் நடந்தார். முதல் அலைக்குச் சின்னவள் வீறிட்டாள். இரண்டாவது அலைக்கு முகத்தைத் தோளில் புதைத்தாள். பிறகு எப்போது என்று தெரியவில்லை, இறக்கிவிடு என்று உதைக்க ஆரம்பித்தாள். அம்மாவை ஒரு அலை தள்ளிவிட்டு ஒற்றைச் செருப்பைக் கொண்டுபோனது. ட்யூப் இல்லாததால் அப்பா முழங்காலுக்கு மேல் இறங்க மறுத்துவிட்டார். சித்தப்பா கரையில் எல்லோருடைய உடுப்புகளுக்கும் காவல் நின்றார். நான் கோபத்தை எங்கே விட்டேன் என்றே தெரியாமல் தண்ணீரில் கிடந்தேன். ஆறிப்போன கோழிக் குழம்பை மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரொட்டியில் மணல் நறநறவென்றது, யாரும் குறை சொல்லவில்லை. சூரியன் இறங்கத் தொடங்கியதும் வேன்காரர் அவசரப்படுத்தினார். சின்னம்மா கடைசியாக ஒருமுறை மகளைக் கடலின் பக்கம் திருப்பிப் பிடித்து, "நல்லாப் பாத்துக்க," என்றார். அதைச் சொல்லும்போது அவர் கடலைப் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது, காலையில் வேனை மறித்த இடத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள். ட்யூபைப் பற்றிக் கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. நாங்கள் அதைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் எல்லோரும் களைத்துத் தூங்கிப்போனோம்.

அடுத்த மாதம் சின்னம்மா போனார். சின்னவள் எங்கள் காம்பராவுக்கு வந்துவிட்டாள். முதல் சில நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். அம்மா அப்போது ஒரு வேலையைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். மாலையில் சோறு ஊட்டும்போது ராஜா கதையும் இல்லை, பேய்க் கதையும் இல்லை. கடலுக்குப் போன கதைதான். எலுமிச்சம்பழத்தில் தொடங்கி, மீசைக்காரர் வழியாக, செருப்பைக் கடல் கொண்டுபோனதில் முடியும். "கடலு பெரியம்மா செருப்ப வாங்கிக்கிட்டு, ஒன்ன எங்கிட்ட குடுத்துருச்சு," என்று அம்மா முடித்தால்தான் கடைசி உருண்டை உள்ளே போகும். தங்கை ஆசைப்பட்டபடி அந்த நாளைப் பிள்ளையின் தலைக்குள் ஆணி அடித்து மாட்டிவிட வேண்டும் என்ற வெறி அம்மாவுக்கு. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால்கூடச் சின்னவள் திருத்துவாள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. இவளுக்குக் கடல் ஞாபகம் இருக்கிறதா, இல்லை அம்மாவின் கதைதான் ஞாபகம் இருக்கிறதா? அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான், போடி," என்றார். ஆனால் அந்தக் கேள்வி அம்மாவையும் குடைந்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் இன்னொரு இரண்டு வருஷமாக நீண்டது. டவுனிலிருந்து எப்போதாவது தொலைபேசியில் பேசும்போது சின்னவள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். அதற்குள் என் அம்மாவை அவள் அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். "பெரியம்மான்னு சொல்லுடி," என்று திருத்தித் திருத்தி அம்மா ஓய்ந்துபோனார். தன்னைப் பெற்றவளை, நான் சொல்வதைக் கேட்டு, அவளும் சின்னம்மா என்றே சொன்னாள். வீட்டில் அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் சித்தப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

சின்னம்மா திரும்பி வந்தது சமாதானம் என்று பேசிக்கொண்ட காலத்தில். கட்டுநாயக்காவுக்கு அதே வேன்காரரோடு போனோம். மணல் மூட்டைகள் இருந்த இடங்கள் வெறுமையாகக் கிடந்தன, எங்கே போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு எங்களிடம் நல்ல காரணம் இருந்தது. கதவைத் தாண்டி வந்த சின்னம்மா மெலிந்து, நிறம் வெளுத்து இருந்தார். கைகளில் ரப்பர் பாலின் வாடை இல்லை. சின்னவள் என் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டு, சேலையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். "அம்மா, சின்னம்மா வந்துட்டாங்க," என்று என் அம்மாவிடம்தான் சொன்னாள். சின்னம்மா குனிந்து அவள் தலையைத் தொட்டார். அவ்வளவுதான். அழவில்லை. வழி முழுவதும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வந்து சில நாள் கழித்து ஒரு சாயங்காலம். லயத்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சின்னம்மா குவைத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வேலை செய்த வீட்டிலிருந்து கடல் தெரியுமாம். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வீட்டுக்காரர்கள் கடற்கரைக்குப் போவார்களாம், பிள்ளைகளைப் பிடிக்க இவரும் கூடப் போக வேண்டுமாம். "அப்போ வாரா வாரம் கடலு பாத்திருக்க," என்றார் அப்பா. "வேலைக்குப் போனேன் அத்தான். அடுத்தவங்க புள்ள தண்ணியில விழாமப் பாத்துக்கிட்டு இருந்தேன். கடல எங்க பாத்தேன்?" என்றார் சின்னம்மா. பேச்சை மாற்றுவதற்காக அம்மா சின்னவளை முன்னால் தள்ளி, "நம்ம கடலுக்குப் போன கதையச் சொல்லுடி," என்றார்.

சின்னவள் சொன்னாள். எலுமிச்சம்பழம், ரொட்டி, மீசைக்காரர், ட்யூப் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அம்மா கண்ணை உருட்டுகிற இடத்தில் உருட்டினாள். தொடக்கத்தில் சின்னம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. போகப் போக அது மாறுவதை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது, இது அக்கா சொல்லிக் கொடுத்த பாடம் என்று. கதை முடிந்ததும் சின்னவளைக் கிட்ட இழுத்து, "நல்லாச் சொல்றடி, ஒங்க பெரியம்மா மாதிரியே," என்றார். அந்தக் குரலைக் கேட்டு அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான்கு வருஷம் மாலை மாலையாகப் பாடுபட்ட அம்மாவுக்கு, செய்தது சரியா பிழையா என்றே தெரியாமல் போன நேரம் அது.

சின்னவள் நகராமல் நின்றாள். இன்னும் சொல்ல இருப்பது போலச் சின்னம்மாவின் முகத்தையே பார்த்தாள். "அப்புறம் வேன்ல எல்லாரும் தூங்கிட்டாங்க," என்றாள். "நீங்க தூங்கல. என் கால மடியில தூக்கி வச்சு நக்குனீங்க. உப்பா இருக்கான்னு பாத்தீங்க. கருவாடு மாதிரி இருக்கடின்னு சொன்னீங்க. எனக்குக் கூச்சமா இருந்துச்சு. சிரிச்சா எல்லாரும் முழிச்சுக்குவாங்கன்னு வாயப் பொத்துனீங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். எங்கள் கதையில் அப்படி ஒன்று இல்லை. "நான் இதச் சொல்லலடி. எனக்கே தெரியாதே," என்று அம்மா தங்கையிடம் சத்தியம் செய்வது போலச் சொன்னார்.

சின்னம்மா தன் மனசுக்குள் எங்கேயோ தேடுகிறவர் போல இருந்தார். பிறகு சின்னவளின் காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கே மறந்துபோச்சுக்கா," என்றார். "நக்குனேனா? இந்தக் காலயா?" நான்கு வருஷம் கழித்து வந்து விமான நிலையத்தில்கூட அழாதவர், எங்கள் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

எதற்கு அழுகிறார் என்று சின்னவளுக்குப் புரியவில்லை. கதையில் ஒரு வார்த்தை பிசகினாலும் பொறுக்காதவள் அவள். மற்றக் காலையும் தூக்கி அவர் மடியில் வைத்து, "ரெண்டு காலயும்தான்," என்றாள்.